தானாக நின்ற ஏசி

பாந்தெலிஸ் தன் படுக்கையறையில் மயங்கிக் கிடந்த அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் யாருடனும் சரியாகப் பேசுவதில்லை. வெயில் தாக்கிவிட்டது என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஏசி இருக்கும் வீட்டுக்குள் வெயில் எப்படி வந்து தாக்கும்? அதற்கு மகன் ஸ்தமாதிஸ் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், வார்டு வாசலிலேயே பதில் சொல்லிவிட்டான். அத்தை முதல் நர்ஸ் வரை எல்லோர் முன்னாலும், அப்பாவோடு இருந்து அவரைப் பார்த்துக்கொள்ளும் தன் அக்காள் கலியோபியைப் பார்த்துச் சொன்னான்.

"கரண்டு பில்லுக்குப் பயந்து ஏசியை நிறுத்தி நிறுத்தி வெச்சு, அப்பாவைக் கொல்லப் பாத்தியே."

அவள் கையிலிருந்த அப்பாவின் செருப்பை உள்ளே கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

அப்பா பிழைத்துக்கொண்டார். இன்று சாயந்தரம் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் தன் ஏசி ரிப்பேர் கடைக்கு வந்த அத்தனை அழைப்புகளையும் ஒதுக்கி வைத்துவிட்டு, காலையிலேயே ஸ்தமாதிஸ் அப்பாவின் வீட்டுக்கு வந்திருந்தான். கிரேக்க நாட்டு லாரிஸாவில் அந்த ஜூலை மாதம் ஏசி மெக்கானிக்குகளுக்குத் தூக்கமே கிடையாது. சமவெளி முழுக்க அடுப்பில் ஏற்றிய சட்டிபோலக் கொதித்துக்கொண்டிருந்தது. ஊரில் பாதிப் பேரின் போனில் அவன் எண் இருந்தது.

வீடு பூட்டிக் கிடந்ததில் உள்ளே அனல். ஜன்னல்களைத் திறந்து போட்டான். அடுப்படி பளிச்சென்று இருந்தது. மேடையைத் துடைத்து, துணியைப் பிழிந்து குழாயின் மேல் மடித்துப் போட்டிருந்தாள் கலியோபி. ஃபிரிட்ஜில் அப்பாவுக்கு உப்பில்லாத சூப், தயிர், தோல் சீவி வெட்டிய பீச் பழம். எல்லாவற்றையும் மூடி வைத்திருந்தாள்.

அவள் அறையில் அலமாரி காலியாக இருந்தது.

ஸ்தமாதிஸ் அதைப் பார்த்தான். பிறகு, நமக்கென்ன என்று கதவைச் சாத்திவிட்டு அப்பாவின் அறைக்குப் போனான்.

அங்கே ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசியை இருபத்திரண்டில் வைத்துப் போட்டான். பால்கனியில் அவுட்டோர் பெட்டி உறுமிக் கிளம்பியது. ஜில்லென்று காற்று வந்தது. படுக்கை விரிப்பை உதறி மாற்றினான். தலையணை உறை மாற்றினான். அப்பாவின் மாத்திரைகளை மேஜைமேல் அடுக்கினான்.

அதற்குள் பால்கனி அமைதியாகிவிட்டது.

முதலில் அவன் கவனிக்கவில்லை. கழுத்தில் வேர்வை இறங்கிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான். ஏசியிலிருந்து காற்று வந்துகொண்டுதான் இருந்தது. வெறும் காற்று. வீட்டுக்குள் இருந்த அனலையே எடுத்துத் திருப்பி ஊதிக்கொண்டிருந்தது.

ரிமோட்டைப் பார்த்தான். படுக்கையின் கால்மாட்டில், வைத்த இடத்திலேயே கிடந்தது. வீட்டில் அவனைத் தவிர ஆள் இல்லை.

அப்பா விழுவதற்கு முன் அக்காள் போனில் சொன்னது காதுக்குள் கேட்டது.

"ஸ்தமாதி, கொஞ்ச நேரம் ஜில்லுனு வருது. அப்புறம் வெறும் காத்துதான். தானா நின்னுடுதுடா."

அவள் கூப்பிட்டபோது அவன் ஒரு மருந்துக்கடையின் கூரைமேல் நின்றுகொண்டிருந்தான். வாயில் திருகாணி. "தானால்லாம் எதுவும் நிக்காது. உன் கைதான் நிறுத்துது," என்று சொல்லி வைத்துவிட்டான். அவள் திரும்பவும் கூப்பிட்டாள். எடுத்தான். அதையேதான் சொன்னாள். அவனும் அதையேதான் சொன்னான்.

அறையின் சூடு எவ்வளவு என்று ஏசியையே கேட்கும் பொத்தான் ஒன்று ரிமோட்டில் உண்டு. அழுத்தினான். பத்தொன்பது என்று காட்டியது.

பையிலிருந்த தன் வெப்பமானியை எடுத்துக் கட்டிலின்மேல் வைத்தான். முப்பத்தாறு.

சரி, சென்சார் போய்விட்டது. அப்படித்தான் நினைத்தான். அந்த நினைப்பில் ஒரு சின்ன ஆறுதல்கூட இருந்தது. சென்சார் என்பது கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மணி. இரண்டு மெல்லிய வயர்களின் முனையில் இருக்கும். அறை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று ஏசிக்குச் சொல்வது அதுதான். அறை குளிர்ந்துவிட்டது என்று அது சொன்னால் ஏசி நம்பி ஓய்வெடுக்கும். கெட்டுப்போன சென்சாருக்கு யார் என்ன செய்ய முடியும்? பொருள் என்றால் கெடத்தான் செய்யும். அக்காளிடம் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். ஏதோ ஒரு பாகம் போச்சு, யார் மேலயும் தப்பில்ல.

முன்மூடியைக் கழற்றினான். சென்சாரின் வயர் ஏசியின் மின்சுற்றுப் போர்டில் செருகியிருக்கும் இடத்திலிருந்து அதைப் பிடுங்கி, மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தான். இந்த வகை மணிகள் சூடு ஏற ஏறக் குறைந்த எண்ணைக் காட்டும். முப்பத்தாறு டிகிரிக்கு ஆறு கிலோ ஓம் மின்தடைக்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும்.

மீட்டர் அதைத்தான் காட்டியது.

ஸ்தமாதிஸ் புருவத்தைச் சுருக்கினான். வயரைப் பிடித்து இழுத்தான். உள்ளே எதிலோ மாட்டியிருந்தது, கொஞ்சம் பலமாக இழுத்ததும் வந்தது. அடுப்படிக்குப் போய் ஒரு தம்ளரில் ஐஸ் கட்டியும் தண்ணீரும் போட்டு மணியை அதில் முக்கினான். எண் மளமளவென்று ஏறி முப்பதைத் தாண்டி நின்றது. வெளியே எடுத்துத் துடைத்தான். இறங்கி வந்தது. ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் போர்டு. இல்லையென்றால் செருகும் இடத்தில் துரு. அங்கே துடைத்துத் திரும்பச் செருகி, மணியை வெளியே தொங்கவிட்டு ஏசியைப் போட்டான். பொத்தானை அழுத்தினான்.

முப்பத்தாறு.

போர்டும் சரியாகத்தான் இருந்தது. சென்சாரும் சரி, போர்டும் சரி. பிறகு சற்று முன்னால் பத்தொன்பது என்று சொன்னது எது?

மணியை அதன் இடத்தில் திரும்ப மாட்டக் கையை நீட்டினான். குளிரும் அலுமினியத் தகடுகளுக்கு விரலளவு முன்னால், காற்று உள்ளே வரும் வழியில், மணியைப் பிடித்துக்கொள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். டார்ச்சை அடித்துப் பார்த்தான். கொக்கி இருந்தது. அதற்குள் பஞ்சுபோல் தூசி அடைத்திருந்தது. கோடை முழுவதும் அதில் எதுவும் உட்கார்ந்திருக்கவில்லை.

டார்ச்சைக் கொஞ்சம் உள்ளே தள்ளினான். தகடுகளுக்கு நடுவே ஒரு சின்ன நசுங்கல். மணி இருந்த இடம் அது. யாரோ அவசரத்தில் மணியைக் கொக்கியில் மாட்டாமல், தகடுகளுக்குள் திணித்துவிட்டிருந்தார்கள். தகடு குளிர்ந்த உடனே மணியும் குளிர்ந்திருக்கிறது. அறையே குளிர்ந்துவிட்டதென்று ஏசி நம்பி நின்றுபோயிருக்கிறது. பிறகு தகடு சூடேறும்வரை கிழவர் அந்த அனலில் கிடந்திருக்கிறார். அவர் பக்கத்தில் கலியோபி.

வயரில் நீல நிற டேப் சுற்றியிருந்தது. ஸ்தமாதிஸ் எந்த வீட்டில் வேலை பார்த்தாலும் அந்த நீல டேப்பைத்தான் சுற்றுவான். அவன் பைக்குள் இப்போதும் ஒரு சுருள் கிடந்தது.

ஈஸ்டர் முடிந்த பிறகு வந்து ஃபில்டரையும் தகடுகளையும் கழுவிக் கொடுத்தது அவன்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு வழி சொல்லிக்கொண்டே மூடியை மாட்டினான். கலியோபி காபி போட்டுக் கொண்டுவந்தாள். குடிக்க நேரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

மணியைக் கொக்கியில் மாட்டினான். மூடியைப் போட்டான். ஏசியை ஓட விட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். பால்கனிப் பெட்டி உறுமத் தொடங்கி, நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தது. வேர்வை காய்ந்தது. முழங்கை குளிர்ந்தது. அவனுக்கு அந்தக் குளிரைத் தாங்க முடியவில்லை. எழுந்து பால்கனிக்குப் போய் வெயிலில் நின்றான்.

மனைவி ரோதாந்தி போன் செய்தாள்.

"உங்கக்கா இப்பதான் வந்துட்டுப் போனா. வீட்டுச் சாவியை என்கிட்ட குடுத்துட்டா. ஸ்கோபெலோஸ் தீவுல ஏதோ ஓட்டல்ல சமையல் வேலையாம். கப்பல் பிடிக்க வோலோஸ் பஸ்ஸுக்குப் போறா. இருந்து சாப்பிட்டுட்டுப் போன்னு சொன்னேன், கேக்கல."

"எப்பப் போனா?"

"இப்பதான்ங்கறேன். என்ன, உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"அவ நிறுத்தல, ரோதாந்தி."

"எதை?"

அவன் போனை வைத்துவிட்டுப் படியில் இறங்கி ஓடினான்.

பஸ் நிலையத்தின் தகரக் கூரையடியில் கலியோபி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெட்டி, ஒரு துணிப்பை. எள் தூவிய வளையரொட்டி ஒன்றைப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தம்பி ஓடி வருவதைப் பார்த்ததும் ரொட்டியை மடியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"அப்பாவுக்கு ஏதாவதா?"

"இல்லக்கா. அப்பா நல்லாருக்கார்."

அவள் மூச்சை விட்டு உட்கார்ந்தாள். மடியிலிருந்து விழுந்த ரொட்டியை எடுத்து ஊதிப் பக்கத்தில் வைத்தாள். "அப்போ எதுக்கு இந்த ஓட்டம்?"

நின்றபடியே சொன்னான். சென்சார், கொக்கி, தூசி, தகட்டில் இருந்த நசுங்கல் எல்லாவற்றையும் சொன்னான். நீல டேப்பைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்போ தானாத்தான் நின்னுச்சா?"

"ஆமா."

"நிஜமா?"

"நிஜமாக்கா. என் கண்ணால பாத்தேன்."

கலியோபி தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "நீ அவ்வளவு உறுதியா சொன்னியா, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. தூக்கக் கலக்கத்துல நான்தான் அமுத்திடறேனோன்னு. ரிமோட்டைக் கொண்டுபோய் அடுப்படி டப்பாவுல போட்டு மூடி வெச்சேன். அப்பவும் நின்னுச்சு. அப்போ நான் எந்திரிச்சு நடந்துபோய் அமுத்திட்டு வந்து படுக்கறேன்னு நினைச்சேன். இப்படியே யோசிச்சுக்கிட்டு இருந்தேன்டா. அப்பா மாதிரி எனக்கும் மறதி வருதோன்னு."

ஸ்தமாதிஸ் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"ரெண்டு தடவ சொன்னேன்." அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. "ஈரத் துண்டு போட்டு அப்பா காலைத் துடைச்சுக்கிட்டே இருந்தேன். அன்னிக்கு மருந்துக்கடை வரைக்கும் போயிட்டு வந்தேன். அதுக்குள்ள அவர் விழுந்துட்டார்."

பஸ்கள் வருவதும் போவதுமாக இருந்தன. ஒரு டிரைவர் வாசலில் நின்று தண்ணீர்ப் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

"இந்த வெயில்ல எத்தனை வீட்டுக்குப் போயிருப்பே?" என்று கேட்டாள் கலியோபி.

"நிறைய."

"அங்கெல்லாம் அவங்க என்ன சொன்னாலும் போய்ப் பாத்திருப்பே இல்ல? தானா நிக்குதுன்னு சொன்னா, நீ பொய் சொல்றேன்னு யார்கிட்டயாவது சொல்லியிருப்பியா?"

அவன் அவளுடைய துணிப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டான்.

"போகாதக்கா. சாயந்தரம் அப்பா வர்றார். முதல்ல உன்னைத்தான் தேடுவார்."

"வர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன். சமையலுக்கு ஆள் இல்லாம தவிச்சுக்கிட்டிருக்காங்க."

"என்மேல கோவமா?"

"கோவம்னா சண்டை போட்டுட்டு வீட்டுக்கு வந்துடுவேன். இது வேற. அந்தத் தாழ்வாரத்துல நீ சொன்னப்போ ஒருத்தர்கூட, 'அவ அப்படிச் செய்வாளா'ன்னு கேக்கல. எல்லாருக்கும் உடனே நம்ப முடிஞ்சுது. இத்தனை வருஷம் அவங்களோட இருந்து, நான் அவங்களுக்கு அவ்வளவுதான்னு தெரிஞ்சுபோச்சு. சென்சாரை மாட்டிட்டே, சரி. தெரிஞ்சுபோனதை எங்க மாட்டுவே?"

வோலோஸ் பஸ் வந்து நின்றது. அவன் பெட்டியைத் தூக்கப் போனான். அவள் தடுக்கவில்லை. அவன் பெட்டியை வைத்ததும், பஸ் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள்.

"எங்கிட்ட வந்து சொல்றது சுலபம், ஸ்தமாதி. அந்தூலா அத்தை முன்னாடிதானே சொன்னே? அவங்க முன்னாடி சொல்லு."

கண்ணாடிக்கு உள்ளே அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பஸ் திரும்பி மறையும்வரை தேடிக்கொண்டேதான் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பாந்தெலிஸ் சட்டை போட்டுத் தயாராகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அவர் தங்கை அந்தூலா. தமையனுக்காக ஆறு பேர் சாப்பிடும் அளவுக்குக் கீரை அடை சுட்டு எடுத்துவந்து, சாப்பிடவில்லை என்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? உங்கப்பாகிட்ட சொல்லு. இனிமே உன் வீட்டுலதான் இருக்கணும். அந்தக் கருமிகிட்ட மறுபடியும் விட்டா..."

"அத்தை, கொஞ்சம் இருங்க."

எதிர்க் கட்டிலில் இருந்த நோயாளியும் அவர் மனைவியும் திரும்பிப் பார்த்தார்கள். மருந்து வண்டி தள்ளிவந்த நர்ஸ் வாசலில் நின்றாள். இவர்கள் எல்லோரும் அன்றைக்கும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான். ஸ்தமாதிஸ் அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கவில்லை.

"அக்கா ஏசியை நிறுத்தல. நான் கழுவி மாட்டினப்போ சென்சாரைத் தப்பான இடத்துல சொருகிட்டேன். அதனால அது தானா நின்னுச்சு. அவ எனக்கு போன் பண்ணிச் சொன்னா. நான் வந்து பாக்கல. அவளைப் பொய்க்காரின்னு சொன்னேன். அப்பா விழுந்தது என்னாலதான்."

அந்தூலா அத்தை கையிலிருந்த துடைப்புத் தாளை நாலாக மடித்தாள்.

"நான் அப்பவே நினைச்சேன்," என்று தொடங்கியவள், எதிர்க் கட்டில்காரியின் பார்வையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாக, "இல்ல. நான் நினைக்கல. சர்ச்சுல அத்தனை பேர்கிட்டயும் சொல்லிட்டேனேடா. இனி எங்க போய் அள்ளுவேன் அதை," என்றாள். அவள் கண் கலங்கி ஸ்தமாதிஸ் அதற்கு முன் பார்த்ததில்லை.

பாந்தெலிஸ் தன் சட்டையின் கைப் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தார். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. ஸ்தமாதிஸ் குனிந்து போட்டுவிட்டான்.

"எனக்குத் தெரியும்," என்றார் கிழவர்.

"என்னப்பா தெரியும்?"

"அவ உனக்கு போன் பண்ணினப்போ நான் பக்கத்துலதானே படுத்திருந்தேன். ரெண்டு தடவையும் கேட்டேன். அவ நிறுத்தலன்னு எனக்குத் தெரியும். என் காலைத் துடைச்சுத் துடைச்சு அவ விரலெல்லாம் ஊறிப்போய்க் கிடந்துச்சு."

"அப்போ அன்னிக்கு ஏன் சொல்லல? நான் அவளை அப்படிப் பேசினப்போ நீங்க முழிச்சுக்கிட்டுதானே இருந்தீங்க?"

பாந்தெலிஸ் மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் போட்டுவிட்ட பொத்தானைத் தடவினார்.

"நீ ரொம்பக் கோவமா இருந்தே. எனக்கோ உடம்பு இப்படி ஆயிடுச்சு. இனிமே யார் வீட்டுல இருப்பேன், எவன் தூக்கிவிடுவான்னு ஒரு பயம். உன்னை எதுத்துப் பேசினா நீ விட்டுட்டுப் போயிடுவே. அவ போக மாட்டான்னு நினைச்சேன். அவ எப்பவும் போனதில்லையே."

அத்தை எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். நர்ஸ் சத்தம் வராமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அவ எங்க?" என்றார் கிழவர்.

"போயிட்டாப்பா. ஸ்கோபெலோஸுக்கு."

பாந்தெலிஸ் கையை நீட்டினார். "போன் போட்டுக் குடு."

ஸ்தமாதிஸ் எண்ணை அழுத்தினான். மணி அடித்துக்கொண்டே போயிற்று. அவள் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினான். எடுக்கவில்லை. அவன் எண்ணைப் பார்த்தால் எடுக்க மாட்டாள் என்று தோன்றியதும், அத்தையின் போனை வாங்கினான். பிறகு, அத்தையின் எண்ணைப் பார்த்தால் மட்டும் எடுத்துவிடுவாளா என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

டாக்டர் வந்து பார்த்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் ஸ்தமாதிஸின் போன் ஒலித்தது. கலியோபிதான்.

"அக்கா, அத்தை முன்னாடி..."

"அப்பாகிட்ட குடு."

கிழவர் போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டார். அவள்தான் பேசினாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை, "ஆமா, எல்லார் முன்னாடியும் சொன்னான்," என்றார். இன்னொருமுறை, "நானும் சொல்லியிருக்கணும்மா," என்றார். அவள் மறுபடி நெடுநேரம் பேசினாள். கிழவர் தாடையைச் சொறிந்துகொண்டு, "அவ்வளவு தூரம் நானா? யோசிச்சுச் சொல்றேன். எனக்கு ரெண்டு நாள் குடு," என்றார். வைத்துவிட்டார்.

"என்கிட்ட பேசணுமான்னு கேட்டீங்களா?" என்றான் ஸ்தமாதிஸ்.

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"கப்பல் கிளம்பிடுச்சாம்."

லிஃப்டுக்காக நின்றார்கள். அப்பாவின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் முழங்கையை மறு கையால் பிடித்திருந்தான் ஸ்தமாதிஸ். சட்டைக்குள் அந்தக் கை குச்சிபோல் இருந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்னீங்களே. அவ என்ன கேட்டாப்பா?"

லிஃப்ட் கதவு திறந்தது. பாந்தெலிஸ் தன் முழங்கையை மகன் கையிலிருந்து மெல்ல விடுவித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே உள்ளே நடந்தார்.

"வீட்டுக்குப் போலாம் வா," என்றார்.